கை வைத்திருத்தல்

வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிரசவ அறையில் செவிலி பழக வேண்டிய முதல் வேலை இது. கருப்பை இறுகத் தொடங்குவது விரல்களுக்குத்தான் முதலில் தெரியும். சில நொடி கழித்தே தாயின் முகம் சுருங்கும். அந்தச் சில நொடிக்குள் "வருதும்மா, மூச்சை மெதுவா விடு" என்று சொல்லிவிட முடிந்தால், வலியை அவள் தனியாக எதிர்கொள்வதில்லை.

*

கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்பதே வெகுகாலம் அளவுகோலாக இருந்தது. எல்லாப் பெண்ணுக்கும் அது பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. வலி வேகமெடுக்கும் கட்டத்தையும் 5 சென்டிமீட்டரிலிருந்து கணக்கிடச் சொன்னது. எனக்கு இது பெரிய ஆறுதல். தாயும் சிசுவின் இதயத்துடிப்பும் நன்றாக இருக்கையில், மெதுவாக நகர்வது மட்டுமே நோய் ஆகிவிடாது. கடிகாரத்துக்குப் பயந்து, வலியைக் கூட்ட ஏற்றப்பட்ட ட்ரிப்கள் எத்தனையோ.

*

வலியில் கத்துகிறவளை அதட்டுவதை எந்தப் பணிச்சுமையாலும் நியாயப்படுத்த முடியாது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம். அம்மாவோ அக்காவோ இடுப்பை அழுத்திவிட்டபடி நிற்கும்போது அறையின் குரலே தணிகிறது.

*

குழந்தை வந்ததும் எல்லாக் கண்ணும் அதன் பக்கம் போகும். அழுததா, ஆணா பெண்ணா, எடை எவ்வளவு. செவிலியின் கை மட்டும் தாயின் வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று தடவிப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் தொடையில் கருப்பையைச் சுருங்க வைக்கும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. குழந்தை அம்மாவின் மார்பில் கிடக்கும். தொப்புள்கொடியை வெட்ட அவசரமில்லை, ஒரு நிமிடமாவது பொறுக்கலாம். நஞ்சுக்கொடி வெளியேறிய பின் கருப்பை கிரிக்கெட் பந்துபோல இறுகியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ரத்தம் போகிறது என்று பொருள்.

துணியில் ஊறிய ரத்தத்தைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் அளவுக்கோடு போட்ட பையைத் தாயின் கீழே விரித்து, ரத்தப்போக்கு தெரிந்தவுடன் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கிப் பார்த்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதையொட்டிய அபாயங்களும் 60 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வெளியானது. பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. அளந்தார்கள், காத்திராமல் செயல்பட்டார்கள்.

*

அடுத்த இரண்டு மணி நேரமும் கால் மணிக்கொரு முறை நாடி, ரத்த அழுத்தம், கருப்பை, பேடு எல்லாம் பார்க்க வேண்டும். "அசந்து தூங்குறா, ஏன் சிஸ்டர் எழுப்புறீங்க?" என்பார்கள் உடனிருப்பவர்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை சரியாகச் சுருங்காது. அவளை எழுப்பி, "ஒன்னுக்குப் போனியாம்மா?" என்று கேட்டே ஆக வேண்டும்.