1,806 மீட்டர்

சேலம் விமான நிலையம் இருப்பது சேலத்தில் இல்லை. ஓமலூர் பக்கம், காமலாபுரத்தில். ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

1993-ல் திறந்தார்கள். நடுவில் பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் போனது. 2023 அக்டோபரில் மறுபடி ஏடிஆர் விமானங்கள் இறங்க ஆரம்பித்தன. போன தீபாவளிக்கு அதில் ஒன்றில் நானும் ஊருக்கு வந்தேன்.

இங்கே ஒரு கேவலமான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில். சேலம் பஸ் ஓசூர் ரோட்டில் ஏறக்குறைய ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் போகும், நாலு மணி நேரத்தில் வீடு. நான் என்ன செய்தேன்? தெற்கே போவதற்காக ஊரையே குறுக்கே கடந்து வடக்கே தேவனஹள்ளி போய், செக்யூரிட்டி வரிசையில் நின்று, பறந்து வந்தேன். மொத்தக் கணக்கில் பஸ்ஸைவிட அரை மணி நேரம் அதிகம். நேரத்தை மிச்சப்படுத்தப் பறக்கவில்லை. என் நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் பறந்தேன்.

தனியார் ஜெட் தொழில் விற்பதும் இதைத்தான். முன்பு சொந்த விமானம் என்றால் தொழிலதிபர், நடிகர், தேர்தல் நேரத்துத் தலைவர். இப்போது விமானத்தில் பங்கு வாங்கலாம், மணிக்கணக்கில் வாங்கலாம், ஆப்பில் புக் பண்ணலாம். ஒருவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் விமானத்தில் சீட் மலிவாகக் கிடைக்கும். எப்படியும் பறக்கப்போகும் விமானம்தானே, நான் ஏறினால் என்ன பாவம் என்று கேட்கலாம். காலிப் பயணத்துக்கும் காசு வரும் என்று தெரிந்தால் அடுத்த விமானம் வாங்கும் கணக்கு இன்னும் சுலபமாகிறது, அதுதான் பதில். 2024-ல் ஸ்டெஃபான் கோஸ்லிங் குழு வெளியிட்ட ஆய்வின்படி, 2019-க்கும் 2023-க்கும் இடையில் தனியார் விமானங்களின் கார்பன் உமிழ்வு 46 சதவீதம் கூடியது. பறந்ததில் ஏறக்குறைய பாதிப் பயணங்கள் 500 கிலோமீட்டருக்கும் குறைவு. ரயில் இருக்கும் தூரம். 2023-ல் பிரான்ஸ், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தைத் தடை செய்தது. தனியார் ஜெட்டுகள் அந்தத் தடைக்கு வெளியே.

ஆக, பணக்காரன் கெட்டவன், கட்டுரை முடிந்தது. இப்படி எழுதி 'சப்மிட்' அடித்திருப்பேன், மாமா மட்டும் இல்லையென்றால்.

மாமாவுக்குச் சிக்கனம்பட்டி பக்கம் மூன்று ஏக்கர். விமான நிலையத்தை விரிவாக்க சுமார் 570 ஏக்கர் எடுப்பதாக 2018-ல் பேச்சு வந்தபோது காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்று நாலு ஊர் விவசாயிகளும் எதிர்த்தார்கள். எட்டு வழிச்சாலை எதிர்ப்பும் அதே வருஷம்தான். விரிவாக்கம் எதற்கு? 1,806 மீட்டரில் பெரிய பயணிகள் விமானங்கள் நிறைசுமையோடு ஏறி இறங்குவது கஷ்டம். ஆனால் ஆறேழு பேர் உட்காரும் சின்ன ஜெட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மீட்டரே தாராளம். கோடீஸ்வரனுக்கு மாமாவின் நிலம் தேவையே இல்லை. நிலம் வேண்டியிருப்பது எனக்கு. என்னைப் போன்ற நூற்றைம்பது பேர் ஒரே விமானத்தில், மலிவாக வந்து இறங்குவதற்கு.

காற்றைக் கெடுப்பதில் தலைக்குத் தலை கணக்குப் பார்த்தால் அவன் குற்றம் பெரிது. மண்ணைக் கேட்பதில் என் குற்றம். அவன் எண்ணிக்கையில் கொஞ்சம், நான் நிறைய. 'எல்லோருக்கும் வேண்டும்' என்ற நியாயமான வார்த்தைதான் மாமாவின் வரப்பில் கல் நடுகிறது. சமத்துவம் என்று நான் நம்பும் எதுவும் இந்த இடத்தில் எனக்குக் கை கொடுக்கவில்லை. ஊருணி என்ற பழைய உவமையை வைத்து யோசித்துப் பார்த்தேன்: பொதுக்காசில் வெட்டியது, யார் வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம். ஓடுதளமும் அப்படித்தானா? ஊருணிக்கு நிலம் விட்டவன் அதே தண்ணீரைக் குடிப்பான். மாமா இதுவரை விமானம் ஏறியதில்லை. நாமக்கல்லுக்குக் கோழிப் பண்ணை வேலையாகப் போனால்கூட பஸ்தான்.

அதற்காக எல்லாச் சின்ன விமானமும் ஆடம்பரம் என்றும் சொல்ல மாட்டேன். ஏர் ஆம்புலன்ஸும் தனியார் விமானம்தான்.

தீபாவளிக்கு மறுநாள் மாமா தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே ஏடிஆர் இறங்கியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுலதான் வந்தியா மாப்ள? டிக்கெட்டு எவ்வளவு?"

சொன்னேன். உடான் திட்டத்தில் பாதி சீட்டுகளுக்கு விலை உச்சவரம்பு உண்டு, ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஆரம்பத்தில் 2,500 ரூபாய் வைத்தார்கள் என்று விளக்கினேன். 2017-ல் முதல் உடான் விமானத்தைத் தொடங்கி வைத்தபோது, ரப்பர் செருப்புப் போட்டவரும் பறக்க வேண்டும் என்று பிரதமர் பேசியதையும் சொன்னேன். மாமா தன் காலைப் பார்த்துக்கொண்டார். பாரகான்.

"அவ்ளோ கம்மியா ஓட்டுனா கட்டுமா அவனுக்கு?"

"கட்டாது மாமா. மிச்சத்தை கவர்மெண்ட் திட்டத்துல இருந்து குடுப்பாங்க. பெரிய ஊருக்குப் போற விமானத்துகிட்ட வசூல் பண்ணி ஒரு நிதி வச்சிருக்காங்க. அது போக ஸ்டேட் கவர்மெண்ட் பங்கு."

"அப்ப நீ வந்ததுக்கு யாரோ காசு குடுத்திருக்கான்."

"ஆமா."

"எங்கிட்ட நெலமா கேக்கறாங்க," என்று சொல்லிவிட்டு மோட்டரை நிறுத்த எழுந்து போனார்.