மஞ்சள் கோட்டின் மேல் ஒரு காடி



போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்குப் போக நானும் மூன்று நண்பர்களும் காடியில் கிளம்பினோம். இரண்டு சுற்று சுற்றியும் பார்க்கிங் கிடைக்கவில்லை. “அஞ்சு நிமிஷம்தானடா, நடைபாதையில ஏத்தி நிறுத்து, சாமி கும்பிட்டு வந்துடலாம்” என்று சொன்னது நான்தான்.

திரும்பி வந்தபோது எங்கள் காடிக்கு முன்னால் ஓர் அங்கிள் நின்றிருந்தார். கையில் வெள்ளைக் கம்பு. பம்பரைத் தட்டித் தட்டி வழி தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கீழே பார்த்தேன். மஞ்சள் கற்களின் மேல் நிறுத்தியிருக்கிறோம். அந்த வரி போட்ட கற்கள் அழகுக்குப் பதித்தவை இல்லை. பார்வை இல்லாதவர்கள் காலாலும் கம்பாலும் தடவி நடக்கிற பாதை அது. “சாரி அங்கிள்” என்றேன். அவர் திட்டவில்லை. “பரவாயில்ல தம்பி, ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க” என்றார். என் நெற்றியில் அப்போதுதான் பூசிய விபூதி. ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் எதில் போகிறேன் என்பது என் சொந்த விஷயம் மட்டும்தானா? அதிலும் தர்மம், அதர்மம் உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் நடந்தும் ரயிலேறியும் வாழ்ந்த ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். அந்தச் செங்கல் சூளைகள் தந்த பெயர்தான் இது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ரயில்வேயில் உழைத்த தமிழர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்களும் இங்கே குடியிருந்தார்கள். அந்தப் பழைய ரயில்வே நிலத்தில்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. நாட்டிலேயே பொதுப் போக்குவரத்து அதிகம் கூடுகிற இடத்தில், காடி ஓட்டவே முடியாத மனிதர்கள் தினமும் நடக்கிறார்கள். அவர்கள் பாதையில்தான் நாம் பார்க்கிங் தேடுகிறோம்.

இதைச் சொன்னால் என் நண்பன் சிரிப்பான். “முருகனுக்கு மயில் இருக்கு, பிள்ளையாருக்கு மூஞ்சூறு இருக்கு. நமக்கு ஒரு வாகனம் இருந்தா தப்பா?” தப்பே இல்லை. எங்கள் தாத்தா தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக லோரிக்குக் காத்து நின்றவர். அப்பா முதல் காடி வாங்கி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்ட அன்று அம்மா அழுதார். அந்தக் காடி எங்கள் குடும்பத்துக்குக் கௌரவம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவை “பஸ்ஸில் வாங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரவு எட்டு மணிக்கு மேல் என் தங்கச்சி பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்பதையும் நான் விரும்ப மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஆனால் எனக்கு இருக்கிறதே? கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படிக்கிற படிப்பு பொறியியல் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. சாலையில் ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2,000 காடிதான் போக முடியும். காலையில் பெரும்பாலான காடியில் ஓர் ஆள்தான். ஒரு ரயிலில் 500 பேர், மூன்று நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்று வைத்தாலும் 10,000 பேர் போய்விடுவார்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிற காடி மீதி 22 மணி நேரம் எங்கோ இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில் அபரிகிரகம் ஒன்று. தேவைக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே என்பது அது. நாம் அதைப் பணத்துக்கும் பொருளுக்கும் மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். சாலையும் நடைபாதையும் கூடப் பொதுச் சொத்துதானே?

இன்னொன்றும் உண்டு. 1972-இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் பஸ் சேவையை ஆராய்ந்து எழுதினார். பயணிகள் கூடினால் பஸ்ஸை அடிக்கடி விட முடியும். எல்லோருக்கும் காத்திருக்கும் நேரம் குறையும். அப்படியென்றால் நான் ஒருவன் பஸ் ஏறுவது முகம் தெரியாத இன்னொருவருக்கும் உதவி. நான் காடி எடுத்தால் பின்னால் வருகிற எல்லோருக்கும் கொஞ்சம் தாமதம். வசதி உள்ளவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டால் பஸ் குறையும். கடைசியில் ஸ்டாப்பில் நிற்பது பாட்டியும், மாணவனும், அந்த வெள்ளைக் கம்பு அங்கிளும்தான். யாரையும் அடிக்காமல் இருப்பது மட்டும் அகிம்சை என்று நினைத்திருந்தேன். நம் சௌகரியத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதும் அகிம்சைதான் என்று இப்போது தோன்றுகிறது.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் கொமுட்டரைப் பாருங்கள். பால்குடத்தோடு அக்காமார்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிய அண்ணன்மார்கள், வேலைக்குப் போகும் மற்ற இனத்தவர்கள். நெருக்கிக்கொண்டு நிற்கிறோம், எழுந்து இடம் கொடுக்கிறோம். யாரும் கௌரவம் பார்ப்பதில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அது ஒரு நாளைக்கு மட்டும் ஏன்?

நான் இன்னும் முழுசாக மாறிவிடவில்லை. மழை நாளில், லேப் முடிய நேரமாகிற நாளில், அப்பாவின் காடி சாவியைத்தான் கேட்கிறேன். மற்ற நாளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர். பஸ் வராமல் முக்கால் மணி நேரம் நின்று எரிச்சல்பட்டதும் உண்டு. ஆனால் பஸ் சரியில்லை என்று பேச, அதில் ஏறுகிறவனுக்குத்தானே வாய் இருக்கும்?

நண்பர்களே, காடியை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் முயற்சி செய்யுங்கள். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நாளுக்கு 50 வெள்ளியில் பாஸ் கிடைக்கிறது. அடுத்த முறை கோயிலுக்கு நம் இளைஞர் குழு போகும்போது ஸ்டேஷனில் கூடி நடந்தே போகலாம். காடியில்தான் போயாக வேண்டுமென்றால், கதவைத் திறக்கும் முன் கீழே ஒரு தடவை பாருங்கள். மஞ்சள் கல் தெரிந்தால், இன்னும் ஒரு சுற்று சுற்றுங்கள். சாமி காத்திருப்பார்.