அஞ்சியவர்களின் வழக்கு

ஒருவனை அடித்தால் அது குற்றம். அடிக்காமல், அவன் வீட்டு வாசலில் நாள்தோறும் ஒருவன் தடியோடு வந்து நின்றால்? "மேலே ஒரு கீறல்கூட விழவில்லையே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? அச்சமும் ஒரு தீங்குதானா என்ற இந்தக் கேள்வி வெறும் திண்ணைப் பேச்சு அன்று. அணுமின் நிலையம் ஒன்றின் பொருட்டு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற கேள்வி இது.

பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹானா ஆற்றின் நடுவே உள்ள திரீ மைல் ஐலண்ட் என்ற தீவில் இரண்டு அணு உலைகள் இருந்தன. 1979 மார்ச் 28ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டாம் உலைக்கு ஆபத்து வந்தது. திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, வால்வு மூடிவிட்டதாகவே காட்டியது. மூடும்படி கட்டளை போயிற்றா என்பதை மட்டுமே அந்த விளக்கு அறியும். மூடியதா என்பதை அறியாது. அதை நம்பியவர்கள் நீர் மிகுந்துவிட்டதென்று எண்ணி, தானாகப் பாய்ந்த அவசர நீரையும் குறைத்தார்கள். உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிப் போயிற்று.

ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று இரண்டு நாள் கழித்து மாநில கவர்னர் சொன்னார். கிளம்பியவர்களோ ஏறத்தாழ 1,40,000 பேர்!

வெளியே கசிந்த கதிர்வீச்சு சொற்பம்தான். சுற்றுப்புறத்தாருக்குச் சராசரியாகச் சேர்ந்தது, ஒருமுறை மார்பை எக்ஸ்ரே எடுத்தால் சேர்வதைவிடக் குறைவு என்று கணக்கிட்டார்கள். ஜனாதிபதி கார்ட்டர் அமைத்த விசாரணைக் குழுவும், மக்களின் உடல்நலத்துக்கு நேர்ந்த முக்கியமான கேடு மன உளைச்சலே என்றது.

முதல் உலை விபத்தில் சிக்கவில்லை. எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை மறுபடியும் ஓட்டலாம் என்றபோதுதான் சச்சரவு எழுந்தது. 1982இல் சுற்றியுள்ள மூன்று வட்டாரங்களில் வாக்கெடுத்தார்கள். "வேண்டாம்" என்றவர்கள், "வேண்டும்" என்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு பங்கு. ஆனால் அந்த வாக்குக்குச் சட்டத்தின் வலிமை கிடையாது. எங்கள் அச்சத்தையும் கணக்கில் சேருங்கள் என்று மக்கள் வழக்காடினார்கள். ஆபத்து வருமோ என்ற அச்சத்தால் விளையும் மனக்கேட்டை ஆராயவேண்டும் என்று சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என, 1983இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. அஞ்சுகிறவர்கள் எல்லாம் கை நீட்டித் தடுக்கலாம் என்றால் ஒரு பாலம் கட்ட முடியாது. ஒரு ரயில் ஓடாது. ஆனால் சட்டத்தின் வேலை முடிந்த இடத்தில் அறத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை.

அச்சத்தில் இரண்டு வகை உண்டு. அறியாமையில் பிறப்பது ஒன்று. அனுபவத்தில் பிறப்பது மற்றொன்று. இருட்டைக் கண்டு அழும் குழந்தைக்கு விளக்கேற்றி வைத்தால் போதும். விளக்கே பொய் சொன்ன வீட்டில் என்ன செய்வது? விபத்துக்கு முன்பே உலையின் நீர்க்கசிவைப் பற்றிய பதிவுகள் பொய்யாக்கப்பட்டன என்று தொடர்ந்த வழக்கில், நிலையத்தை அந்நாளில் நடத்திய மெட்ரோபாலிடன் எடிசன் கம்பெனி 1984இல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த மக்கள் அணுவுக்கு அஞ்சினார்களா, மனிதர்களுக்கு அஞ்சினார்களா? பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதென்று மிதிக்கவும் முடியாமல் நிற்பவனிடம் "பயப்படாதே" என்று சொல்வதில் என்ன பயன்? காலடியில் கிடப்பது எது என்று அவனுக்கு உண்மையைச் சொல்லவேண்டும்.

1985 அக்டோபரில் முதல் உலை மறுபடி இயங்கத் தொடங்கியது. 2019 வரை ஓடியது. முந்தையதைப் போன்ற விபத்து நேரவில்லை. அப்படியானால் அஞ்சியவர்கள் அறிவிலிகளா? என் வீட்டுப் பொருளை என்னைக் கேளாமல் எடுத்துப் போனவன், பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டான் என்பதற்காக, கேளாமல் எடுத்தது சரியாகிவிடுமா? மேலும், விபத்துக்குப் பிறகுதான் உலையை இயக்குவோரின் பயிற்சியும் கட்டுப்பாட்டு அறைகளின் அமைப்பும் திருத்தம் பெற்றன. ஊரார் விழித்திருந்தால் காவல்காரனும் தூங்கமாட்டான். அந்தப் பத்திரத்தில் அஞ்சியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

2019இல் உலையை மூடியது வருமானம் போதாமையால். 2024 செப்டம்பரிலோ, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கணிப்பொறி நிலையங்களின் மின்சாரத் தேவையை முன்னிட்டு அதையே திரும்ப இயக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். உலகத்துக்கு மின்சாரம் வேண்டும். நிலக்கரிப் புகையும் உயிர்களைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆகவே உலையை ஓட்டவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. ஓட்டுகிறவர்கள் ஒரு கடனை மறக்கவேண்டாம் என்கிறேன். ஒருமுறை அஞ்ச வைத்தவன், அஞ்சியவனைப் பேதை என்று ஏசும் உரிமையை இழந்துவிடுகிறான். நல்ல செய்தியைச் சொல்லும் அதே வாயால், அதே வேகத்தில், கெட்ட செய்தியையும் சொல்லும் பழக்கத்தை அவன் பல ஆண்டுகள் காட்டவேண்டும். அதுவரை அக்கரையில் யாரேனும் தூக்கம் வராமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இழந்த தூக்கமும் மின்சாரத்தின் விலையில் சேர்ந்ததுதான்.