பார்த்தேன் என்ற சொல்

நைனார்பாளையத்தில் எங்கள் பழைய வீட்டின் அடுப்படி வீட்டோடு சேர்ந்திருக்கவில்லை. பின்பக்கம் பத்து எட்டு தள்ளி, கரும்புச் சோகை வேய்ந்த தனிச் சாய்ப்பாக இருந்தது. பங்குனி, சித்திரையில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும் மாதங்களில் அந்தச் சோகை அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கும். இராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஆயா ஒரு கேள்வி கேட்கும். "அடுப்பு பாத்தாச்சா?" யாராவது ஒருவர் எழுந்து போய், சாம்பலைக் கிளறி, கங்கு இருந்தால் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆயா கண்ணை மூடும்.

எனக்கு ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும். ஒரு நாள் என் முறை. தூக்கம் சொக்கியது. திண்ணையைத் தாண்டி வாசல்வரை போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்து "பாத்துட்டேன் ஆயா" என்றேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டு சொன்னது: "அணைஞ்சுதான் இருக்கு. ஆனா நீ பாக்கல. நாதாங்கி சத்தம் கேக்கல."

அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுப்பு அணைந்துதானே இருந்தது, பிறகு நான் செய்தது என்ன தப்பு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. முப்பது வயதைத் தாண்டி, மென்பொருள் வேலையில் பத்து வருடங்களுக்கு மேல் கையெழுத்துகளும் டிக் குறிகளும் போட்ட பிறகு, அந்தக் கேள்வியை வேறொரு இடத்தில் சந்தித்தேன். அணுமின் நிலையங்களில் தீத்தடுப்பை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று படித்தபோது.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்த எனக்குக் கல்பாக்கம் அதிக தூரம் இல்லை. ஆனாலும் அணு உலை ஆபத்து என்றால் கதிர்வீச்சு, சுனாமி, வெடிப்பு என்றுதான் யோசித்திருக்கிறேன். சாதாரண தீ, நம் அடுப்பில் எரிகிற அதே தீ, அங்கே முதல் வரிசைக் கவலைகளில் ஒன்று என்று தெரியாது. உலை எரிந்துவிடும் என்பதல்ல அந்தக் கவலை. கேபிள் எரிந்துவிடும் என்பதுதான். உலையை நிறுத்திய உடனேயும் முழுத் திறனில் சுமார் 6 முதல் 7 சதவீத வெப்பம் எரிபொருளில் தொடர்ந்து உண்டாகும். அது மெல்ல மெல்லத்தான் குறையும். அதுவரை தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் வர கேபிள் வேண்டும். அதனால் எல்லாவற்றையும் இரண்டாக, மூன்றாக, நான்காக வைக்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று. எங்கள் தொழிலில் இதை ரெடண்டன்சி என்போம்.

ஆனால் நான்கையும் ஒரே அறையில், ஒரே தட்டில் போட்டால் அது நான்கா, ஒன்றா? தீத்தடுப்பு ஆய்வாளர் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான். தீயணைப்பானில் அழுத்தம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

1975 மார்ச் 22ஆம் தேதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் காற்று கசிகிறதா என்று தொழிலாளர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதிக்க அவர்கள் பயன்படுத்தியது மெழுகுவத்தி. சுடர் சாய்ந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். துளையை அடைத்திருந்ததோ எளிதில் தீப்பற்றும் பாலியூரித்தேன் நுரை. சுடர் சாய்ந்தது, நுரை பற்றியது. 1600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாகின. முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் செயலிழந்தன. மின்சாதனங்கள் மேல் தண்ணீர் அடிக்கலாமா என்ற தயக்கத்தில் தீ ஏழு மணி நேரம் எரிந்தது. கடைசியில் தண்ணீர் அடித்ததும் சீக்கிரமே அணைந்தது. பெரிய விபத்து ஆகாமல் தப்பித்தார்கள்.

சோதனை செய்யப் போன கைதான் தீ வைத்தது என்பது இந்தக் கதையில் எல்லோரும் சொல்லும் விசித்திரம். என்னை உறுத்துவது வேறு. இரண்டு நாள் முன்பு இதே மாதிரி ஒரு சின்னத் தீ பிடித்து, அணைத்து, பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தார்கள். எழுதியதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது. எழுதினோம் என்பது பார்த்தோம் என்பதற்குப் பதிலாக உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு 1980இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை இறுக்கியது. ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கும் கேபிள்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால், தானே இயங்கும் தீயணைப்பு வசதியோடு 20 அடி இடைவெளியாவது வேண்டும். இப்படிப் போகும் அந்த விதி. உலகம் முழுக்க அணுசக்தித் துறையில் இருப்பவர்கள் படித்த பாடம் அது.

இந்தியாவும் படித்திருக்க வேண்டும். 1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் நரோரா அணுமின் நிலையம், முதல் அலகு. டர்பைனின் இரண்டு தகடுகள் உடைந்து மற்றவற்றையும் வெட்டின. இயந்திரம் கடுமையாக அதிர்ந்து, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றியது. எண்ணெயும் சேர்ந்துகொள்ள, தீ கேபிள்களைப் பிடித்துக்கொண்டு பரவியது. மாற்று ஏற்பாடுகளின் கேபிள்கள் தீயைத் தாங்கும் தடுப்பில்லாமல் சேர்ந்தே போயிருந்தன. எல்லாம் சேர்ந்தே எரிந்தன. நிலையம் 17 மணி நேரம் மின்சாரமில்லாமல் கிடந்தது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழைந்து, அங்கிருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

உலையைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அது மறுபடி உயிர்பெற்றுவிடக் கூடாது என்று சில ஊழியர்கள் கையில் விளக்கோடு இருட்டில் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வைக் கையால் திறந்து, போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு தண்ணீர் அனுப்பி வெப்பத்தைத் தணித்தார்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. சர்வதேச அளவுகோலில் இது 3ஆம் நிலை நிகழ்வு. அந்த ஊழியர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. ஆனால் அவர்கள் அன்று மேலே ஏற வேண்டி வந்ததற்குக் காரணம், அதற்கு முன் பல வருடங்களில் யாரோ பலர் ஏறிப் பார்க்காமல் விட்டதுதான். அந்த வகை டர்பைன் தகடுகளில் விரிசல் விழுவதைப் பற்றி 1989இலேயே எச்சரிக்கை வந்திருந்தது. பிரவுன்ஸ் ஃபெர்ரி எரிந்து 18 வருடங்கள் ஆகியிருந்தன. காகிதத்தில் நாலு வழி இருந்தது. நேரில் ஒரு வழிதான் இருந்தது.

இதெல்லாம் கவனக்குறைவு, திட்டமிட்ட பொய் அல்ல என்று சொல்லலாம். சரி, பொய்க்கே வருவோம். விதிப்படி இருக்க வேண்டிய ஒரு தடுப்பு பழுதானால், அது சரியாகும்வரை அந்த இடத்தைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் நடந்து போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஃபயர் வாட்ச் என்று பெயர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாட்டர்ஃபோர்ட் நிலையத்தில் 2014, 2015 வாக்கில் இந்த வேலைக்கு வைக்கப்பட்ட ஒப்பந்த ஊழியர்கள் சிலர் நடக்காத சுற்றுகளை நடந்ததாக எழுதியது விசாரணையில் தெரிந்தது. தீ எதுவும் பிடிக்கவில்லை.

அதைப் படித்ததும் நாதாங்கி ஞாபகம்தான் வந்தது.

அவர்கள் மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை. ஒரு மணிக்கொருமுறை அதே தாழ்வாரம், அதே கதவு, அதே சுவர். நூறு தடவை போனால் நூறு தடவையும் ஒன்றும் இல்லை. மனித மனம் இல்லாத ஒன்றை எத்தனை நாள் தேடும்? நூற்றியோராவது தடவை உட்கார்ந்த இடத்திலேயே "பார்த்தேன்" என்று எழுதினால், அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அப்படியானால் கெட்டது யாருக்கு?

ரொம்ப நாள் இதற்கு நான் வைத்திருந்த பதில் அதிர்ஷ்டம் பற்றியது. ஒரே பொய்யை இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒருவன் இடத்தில் தீப்பிடித்தது, மற்றவன் இடத்தில் பிடிக்கவில்லை. இருவரும் செய்தது ஒன்றேதான், ஆகவே குற்றமும் ஒன்றே. இது சரியான பதில்தான். ஆனால் போதாது. தீயே பிடிக்காத உலகத்தில் அந்தப் பொய் குற்றமில்லை என்று ஆகிவிடும்.

இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். "பார்த்தேன்" என்ற சொல் அடுப்பைப் பற்றிய தகவல் மட்டுமல்ல. கேட்டவருக்கு அது ஒரு அனுமதி. நீ இனி விழித்திருக்க வேண்டாம், நான் உனக்காகப் பார்த்துவிட்டேன் என்கிற அனுமதி. நான் பொய் சொன்ன அந்த நொடியில் அடுப்பு அப்படியேதான் இருந்தது, மாறியது ஆயாவின் நிலை. நான் ஒன்றுமே சொல்லாமல் தூங்கியிருந்தால் அது எழுந்து போய்ப் பார்த்திருக்கும். ஆக நான் எடுத்துக்கொண்டது அதன் விழிப்பை. பதிலுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. தீ பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்தத் திருட்டு நடந்துவிட்டது.

எல்லோரும் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாது. கங்கைக் கரையில் தூங்குகிறவன் நரோராவின் கேபிள் தட்டைப் போய்ப் பார்க்க மாட்டான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற தாய் சமையல்கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், மேலே கீற்றுக் கூரை, சமையலறையிலிருந்து பரவிய நெருப்பு. கல்வித் துறை அதிகாரிகளும் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார்கள். அந்தப் பெற்றோர் யாரும் ஏமாளிகள் அல்ல. நமக்காக யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பினார்கள். அப்படி நம்பாமல் நாம் யாரும் ஒரு நாள்கூட வாழ முடியாது. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை.

இங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழியெல்லாம் சுற்று நடக்கிறவன் தலையில் இறக்கிவிட்டுப் போவது சுலபம். ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்து கேட்கிற அமைப்பு, உண்மையில் ஒன்றையும் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. "சரியில்லை" என்று எழுதுகிறவனைத் தொல்லை பிடித்தவனாக நடத்தும் இடத்தில் "சரி" என்ற சொல்லுக்கு மதிப்பு கிடையாது. ஆய்வு செய்கிறவர் யாருக்குக் கீழே இருக்கிறார் என்பதும் அதே கேள்விதான். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைக்கப்பட்டது. அதன் சட்டத் தகுதி அப்போது அரசுக்குக் கட்டுப்பட்ட ஒரு அமைப்பினுடையதாகவே இருந்தது என்று 2012இல் மத்திய தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. அடுப்பை மூட்டுகிறவரிடமே "பாத்தாச்சா" என்று கேட்டுவிட்டுப் படுப்பது போலத்தான் அது இருந்தது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் நாதாங்கி சத்தத்தைக் கேட்க இன்னொரு காது வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செக்லிஸ்ட் நிரப்புவது என் பொறுப்பு. அதில் ஒரு வரி: "பேக்கப்பிலிருந்து தரவை மீட்டெடுத்துச் சோதிக்கப்பட்டது." ஆமாம் என்று டிக் போடுவேன். மீட்டெடுக்க அரை நாள் ஆகும், அந்த அரை நாளை யாரும் தர மாட்டார்கள். ஆறு தடவை டிக் போட்டேன். ஏழாவது தடவை, எந்த ஞானோதயமும் இல்லாமல், வேலை குறைவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை நிஜமாகவே செய்து பார்த்தேன். இரண்டு பிரதிகள் என்று ஆவணத்தில் இருந்தது. இரண்டும் ஒரே சேமிப்பகத்தில் கிடந்தன. அது போனால் இரண்டும் போகும். சின்ன அளவில் ஒரு நரோரா. எங்கள் தரவு போனால் யாரும் சாகப் போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் என் ஆறு டிக்குகளை நம்பி ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பிரதிகள் ஒரே இடத்தில் இருப்பதைச் சொல்வது கஷ்டமாக இல்லை. "முன்னாடி ஆறு தடவையும் நான் பாக்கல சார்" என்று சொல்லத்தான் தொண்டை அடைத்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கு முன்னாடி இருந்தவரும் பாத்திருக்க மாட்டாரு" என்றார். அடுத்த முறையிலிருந்து அந்த அரை நாளை அட்டவணையில் போட்டார்.

ஆயா இப்போது இல்லை. சோகைச் சாய்ப்பும் இல்லை, அந்த இடத்தில் தகரக் கொட்டகையும் அப்பாவின் மொபெட்டும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விளக்கை அணைத்த பிறகு அம்மா கூடத்திலிருந்து கேட்டது: "கேஸ் மூடியாச்சாடா?"

மூடியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் கடைசியாகப் பால் காய்ச்சினேன். எழுந்து போய், ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "மூடியிருக்கும்மா, பாத்துட்டேன்" என்றேன். அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. தூங்கிவிட்டிருந்தது.