முன்னோர் பழியும் சந்ததியும்

வம்சாவளியைத் தேடப் புகுகிறவர் பெரும்பாலும் பெருமையைத் தேடியே புகுகிறார். ஆனால் பழைய நீதிமன்ற ஏடுகளோ பெருமையோடு பழியையும் சேர்த்தே காத்து வைத்திருக்கின்றன. 1804-இல் மாசசூஸெட்ஸ் மாகாணத்துச் சேலம் நகரில் பிறந்த நாவலாசிரியர் நத்தானியல் ஹாதார்ன், தம் தந்தைவழியை ஆராய்ந்து மேலே சென்றபோது எதிர்ப்பட்டவர்கள், குவேக்கர் சமயத்தாருக்குக் கசையடி விதித்த வில்லியம் என்பவரும், 1692-இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டோரை விசாரித்த அவர் மகன் ஜானும் ஆவர்.

அந்த விசாரணைக் குறிப்புகள் இன்றும் உள்ளன. மார்ச் 1-ஆம் தேதி ஸாரா குட் என்னும் ஏழைப் பெண்ணிடம் ஜான் தொடுத்த முதற் கேள்வியே, எந்தத் தீய ஆவியோடு அவளுக்குப் பழக்கம் என்பது; பழக்கம் உண்டா என்று கேட்கவேண்டுமென அவருக்குத் தோன்றவில்லை. எதனோடும் இல்லை என்ற அவள் ஜூலையில் தூக்கிலிடப்பட்டாள். அவ்வாறு மாண்டோர் 19 பேர். உடனிருந்த நீதிபதிகளுள் ஸாமுவேல் ஸிவால் 1697-இல் பாஸ்டன் ஆலயத்தில் சபையார் முன் எழுந்து நின்று, தம் குற்ற அறிக்கையைப் போதகர் வாசிக்கக் கேட்டார். ஜான் அப்படி ஏதும் செய்தாரில்லை.

அவர் செய்யாததைச் செய்வார்போல, 1850-இல் வெளிவந்த 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் முகவுரையில், முன்னோரின் பழிக்கான வெட்கத்தை ஹாதார்ன் தம்மேல் ஏற்றுக்கொண்டார். இது தர்மந்தானா? பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமம். ஹாதார்ன் ஜானுக்குச் சரியாக நான்காம் தலைமுறை. தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று மறுக்கிறது எசேக்கியேல் ஆகமம். கணக்குப் பார்த்தாலும், நான்கு தலைமுறைக்கு மேலே ஒருவருக்கு முன்னோர் 16 பேர். இரத்தத்தின் வழியே பாவம் இறங்குமாயின், ஜான் ஒருவருடையது மட்டும் இறங்கி, ஏனைப் பதினைவரின் புண்ணியம் வழியிலேயே நின்றுவிட்டதற்குக் காரணம் சொல்ல இயலாது.

ஆதலால் பச்சாத்தாபம் ஒருவருக்காக மற்றொருவர் செய்யத்தக்கதன்று. இறந்துபோன நீதிபதிக்குப் பேரன் மன்னிப்பு வாங்கித்தர முடியாது. எனினும் குலத்தின் பெயரையும் அப்பெயரால் ஊரில் விளைந்த மதிப்பையும் மனமுவந்து பெற்றுக்கொள்பவன், அம்மதிப்பு எவரெவர் துன்பத்தின்மேல் எழுந்ததென்பதை மட்டும் அறியேன் என்று சொல்வது நியாயமாகாது. முன்னோர் செய்த பாவம் சந்ததிக்கு இறங்காவிட்டாலும், அதை மறைத்து வைத்து வாழும் சௌகரியம் இறங்கத்தான் செய்கிறது. அந்தச் சௌகரியத்தை வேண்டாமென்று துறப்பதே சந்ததி செய்யக்கூடிய பிராயச்சித்தம்.