மேல்நாட்டுப் படிப்பும் மூன்று தீனார் கடனும்

கல்வி தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். அதைத் தேடிக் கடல் கடந்து செல்வதும் நம்மவர்களுக்குப் புதிதன்று. ஆனால் கையில் பொருளில்லாத ஒரு தகப்பனார், தம் பிள்ளையை மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவதற்காக எதுவரை போகலாம்? வட்டிக்கு வாங்கலாமா? இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டலாமா? இன்று பல வீடுகளில் எழுந்துள்ள இக்கேள்வியைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த கரிசல் பூமி. பட்டாசும் தீப்பெட்டியும்தான் பெரும்பாலோருக்குப் பிழைப்பு. மழை பெய்தால் மருந்து காயாது, வேலை நின்றுவிடும். தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். போதாக்குறைக்கு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததும் இத்தொழிலைப் பாதித்தது. இப்படி ஏறி இறங்கும் வருவாயை நம்பி வாழும் குடும்பம், மாதம் தவறாமல் தவணை கேட்கும் கடனில் கையெழுத்திடுகிறது என்றால் அதன் பொருள் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேல்நாட்டில் உதவி கிடைக்காதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் உதவி அயல்நாட்டு மாணவர்களுக்கு இல்லை. முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகை மிகச் சிலருக்கே கிட்டும். நமது மத்திய அரசு சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்துவந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. மிஞ்சுவது வங்கிக் கடன். ஏழரை இலட்சத்துக்கு மேல் வேண்டுமானால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தை ஈடாகக் கேட்கிறார்கள். 30 இலட்சம் ரூபாயை 11 சதவீத வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். படிப்புக்கு இரண்டாண்டு, வேலை தேட ஓராண்டு. பிள்ளை முதல் தவணையைக் கட்டுமுன் வட்டி மட்டும் ஏறத்தாழ 10 இலட்சமாகியிருக்கும்!

அல்லாஹுதஆலா வட்டியை ஹராமாக்கிவிட்டான். நல்ல நோக்கத்துக்காக வாங்குகிறோம் என்பதால் அது ஹலாலாகிவிடாது. குறைந்த வட்டி என்பதாலும் அது வட்டியல்லாமல் போய்விடாது. நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதியாகும் என்று சிலர் வாதிக்கிறார்கள். உயிருக்கும் உணவுக்கும் நேரும் நெருக்கடியைப் பற்றிய அந்தச் சலுகையை, அதே படிப்பு மதுரையிலும் சென்னையிலும் கிடைக்கும்போது இதற்கு எப்படிப் பொருத்துவது? சீனா வரை சென்றேனும் கல்வி தேட வேண்டும் என்று மேடைகளில் எடுத்துச் சொல்லப்படும் செய்தியையும் பலவீனமானது என்றே ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள்.

இதைவிட மறைவான பாவம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்துக்கு விசா கேட்கும் மாணவர், கல்விக் கட்டணத்தையும் குறிப்பிட்ட மாதங்களின் வாழ்க்கைச் செலவையும் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். அந்த நாட்களுக்கு மட்டும் பிறர் பணத்தை வாடகைபோல் வாங்கிப் போட்டுத் தமது பணமென்று காட்டுவோர் இருக்கிறார்கள். இது வட்டியும் பொய்யும் சேர்ந்த செயல். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறு செய்வான் என்று காரணம் காட்டி, கடனை விட்டும் பாதுகாவல் தேடினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கல்வியின் வாசற்படியிலேயே பிள்ளைக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவன் எதைக் கற்றுத் திரும்ப வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம்?

வீட்டுக்குள்ளும் நீதி வேண்டும். தாயாரின் மஹரும் நகையும் அவருக்கே உரியவை. அவர் மனமுவந்து தந்தாலன்றி யாரும் தொடக்கூடாது. ஒரு மகனுக்காகக் காணியை விற்றால் மற்ற மக்களின் கதி என்ன? பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அன்பளிப்புக்குச் சாட்சி நிற்க ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்ட செய்தி நமக்குத் தெரிந்ததே. பெண்மக்களின் படிப்பை நிறுத்தி ஆண்மகனை அனுப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஏழையின் பிள்ளை மேல்நாடு செல்லவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் அயல்நாட்டாருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோ, அதாவது ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய், முன்கூட்டியே வைப்பில் காட்டினால் போதும். அது மாதந்தோறும் மாணவருக்கே திரும்ப வரும். இங்கே பட்டம் பெற்று, சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்து, பிறகு மேற்படிப்புக்குச் செல்வதும் கண்ணியமான வழியே.

ஆனால் ஹராம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவதுடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா? ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்றார்கள். தாம் தொழுவிக்காமல், தோழர்களையே தொழச் சொன்னார்கள். உடனே ஹஜ்ரத் அபூகத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்து அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறினார்கள். அதன் பின்னரே நபியவர்கள் தொழுவித்தார்கள். இந்த வரலாற்றின் முற்பாதியை, கடன் எவ்வளவு கனமானது என்பதை, நாம் அடிக்கடி பேசுகிறோம். அக்கனத்தைத் தோளில் வாங்க ஒருவர் எழுந்தாரே, அந்தப் பிற்பாதியை ஏன் மறந்தோம்?

வட்டியில்லாக் கடனாகிய கர்ளன் ஹஸனா நம் மார்க்கத்தில் உண்டு. அது நம் ஜமாஅத்தில் உண்டா? சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951-ல் எழுந்தது நம் முன்னோர் வாரி வழங்கியதால் அல்லவா? ஒரு வலீமா விருந்தின் செலவில் பாதியை ஊருக்குப் பத்துப் பேர் ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது வட்டியின்றி அனுப்ப வழி பிறக்காதா? திருக்குர்ஆன் கட்டளையிட்டபடி எழுத்திலும் சாட்சியிலும் கடனைப் பதிவு செய்வோம். சிரமப்படுவோருக்கு அவகாசமும் தருவோம். பெற்றுப் படித்தவர், திருப்பித் தருவதோடு நில்லாமல், அடுத்த பிள்ளைக்கும் கைகொடுக்க வேண்டும்.

வட்டியைத் தடுக்கும் நாக்கு, கடன் கொடுக்கும் கையோடு சேர்ந்திருக்க வேண்டும். கை மூடியிருக்க நாக்கு மட்டும் பேசினால், அந்தத் தகப்பனார் வங்கியின் வாசலுக்குப் போனதில் நமக்கும் பங்கு இருக்கிறது. நாளை மறுமையில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி நம்மிடமும் கேட்கப்படலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குத் தாராளமான கையையும், வட்டியின் நிழல் படாத வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.