எல்கேஜி சேர்க்கும் முன்

ஓசூரில் ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் இருக்கிற மாநில எல்லை பெரிய விஷயமாகப் படுவதில்லை. ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திராவில் வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் அந்தக் கோடு ரொம்ப அழுத்தமானது.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். 2015-இல் கர்நாடகம் கன்னடத்துக்கு இதே மாதிரி சட்டம் போட்டது. கம்பெனி மாறியது, வாடகை ஏறியது என்று நாலாம் வகுப்பில் பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன ஆகும்? கணக்கும் அறிவியலும் கூடவே வந்துவிடும். மொழிப் பாடத்தில் எழுத்துக் கூட்டுவதிலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். ஆகவே ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா என்று அலசும் முன், இன்னும் ஐந்தாறு வருடம் எந்த ஊரில் இருக்கப்போகிறோம் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தபோது பல ஊர்க்காரர்கள் ஓசூரில் குடியேறினார்கள். தெலுங்கும் கன்னடமும் உருதும் அதற்கு வெகு காலம் முன்பே இந்த மண்ணில் புழங்கியவை. அந்த மொழிவழி வகுப்புகள் கொண்ட அரசுப் பள்ளிகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உண்டு. இப்போது ஒடிசா, பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. இப்படிப்பட்ட ஊரில் மூன்றரை வயதுக் குழந்தையை எல்கேஜியில் விடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: வயிறு வலிக்கிறது என்று குழந்தை தன் பேச்சில் சொன்னால், அந்த மிஸ்ஸுக்குப் புரியுமா? ஸ்மார்ட் கிளாஸ், நீச்சல் குளம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளியைப் பார்க்க, ஆண்டு விழா அன்று போகாதீர்கள். தோரணமும் மைக்செட்டும்தான் தெரியும். சாதாரண வேலை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி சிவப்பு டிக், தப்பாக எழுதிய எழுத்துக்கும் டிக் என்றால், யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஃபீஸ் ரசீது எத்தனை பளபளப்பாக இருந்தாலும் சரி.

வேன் நேரத்தையும் கேளுங்கள். அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட், அம்மாவுக்கு ஜெனரல் ஷிஃப்ட் என்றால் ஏழு மணிக்கு வேனில் ஏற்றிவிட யார் இருக்கிறார்கள்? ஊரைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போகும் வேனில் குழந்தை தூங்கி வழிந்துகொண்டுதான் வகுப்புக்குள் நுழையும். நடந்து போகிற தூரத்தில் சுமாரான பள்ளி இருந்தால், என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொன்று, ஐந்தாம் வகுப்பு முடியும்போது யோசிக்க வேண்டியது. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய்: இவற்றுக்குப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தனியாரில் பத்தாவது வரை கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பதினொன்றில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் இதை அப்போதுதான் விசாரிக்கிறார்கள்.